மூன்று நாட்டுத் தரவில் இடைவெட்டுகள் ஒத்துவரவில்லை: சராசரிகளை ஒப்பிடலாமா?

நொய்யல்கரை, திருப்பூர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், வங்கதேசத்தின் காஜிபூர் வட்டாரத்திலும், வியட்நாமில் ஹோ சி மின் நகரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் தையல் வேலை செய்யும் பெண்களிடம், வேலை குடும்பப் பொறுப்புகளை எந்த அளவுக்கு இடறுகிறது என்பதை அளந்து ஒப்பிடுவது என் நோக்கம். நெட்மேயர், போல்ஸ், மெக்மரியன் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து, வேலை குடும்பத்துக்குள் புகுவதைக் குறிக்கும் ஐந்து கூற்றுகளை ஏழு புள்ளி விடைகளோடு எடுத்துக்கொண்டேன். திருப்பூர்த் தரவை நானும் என்னோடு படிப்பவர்களும் திரட்டினோம்; மற்ற இரண்டு இடங்களிலும் அந்தந்த நாட்டுக் கூட்டாளிக் குழுவினர் திரட்டித் தந்தார்கள்.

ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. கூற்றுகளின் உள்ளிசைவைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா மூன்று இடங்களிலும் 0.7-ஐத் தாண்டுகிறது; கூற்றுகளின் மாறுபாட்டில் சராசரியாக எவ்வளவைக் காரணி விளக்குகிறது என்று காட்டும் ஏ.வி.இ. மதிப்பு 0.5-க்கு மேலே இருக்கிறது. ஐந்து கூற்றுகளும் ஒரே காரணியின், அதாவது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒரே பொதுப் பொருளின், கீழ் அடங்குகின்றன. மூன்று குழுக்களையும் சேர்த்து வைத்துப் பல்குழுக் காரணிப் பகுப்பாய்வு செய்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காரணிச் சுமைகளை (ஒவ்வொரு கூற்றும் காரணியோடு பிணைந்திருக்கும் அளவை) மூன்று நாட்டிலும் சமமாக வைத்தபோது, மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. 0.01-க்குள்தான் குறைந்தது, இடைவெட்டுகளையும் (ஒவ்வொரு கூற்றின் தொடக்க மட்டத்தையும்) சமமாக வைத்ததும் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிக் குறைந்துவிட்டது. எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பொருத்தம் உயரும் என்று காட்டும் திருத்தக் குறியெண்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கூற்றுகளே காரணம் எனத் தெரிகிறது. வேலை நிமித்தம் குடும்ப நிகழ்ச்சிகளுக்கான திட்டத்தை மாற்றிக்கொள்ள நேர்வதைப் பற்றியது ஒன்று. வேலை தரும் மனஅழுத்தத்தால் குடும்பக் கடமைகளைச் செய்வது கடினமாவதைப் பற்றியது மற்றொன்று.

இந்த இரண்டையும் நீக்கிவிட்டு மீதி மூன்றை வைத்துச் சராசரிகளை ஒப்பிடலாம் என்று ஆய்வுக்குழுவில் ஒருவர் கூறுகிறார். அப்படிச் செய்தால் பொருத்தம் நன்றாக வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. இந்த நிலையில் மூன்று நாட்டுச் சராசரிகளை ஒப்பிடலாமா? கூற்றுகளை நீக்குவது சரியா? குறை என் தரவில் இருக்கிறதா, அளவுகோலில் இருக்கிறதா, அல்லது அளக்கப்படும் பொருளே மூன்று ஊரிலும் ஒன்றாக இல்லையா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெள்ளியங்கிரி, கோவை

உங்கள் மனம் ஒப்பாததற்குத் தக்க காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை எண்களின் வழியாகவே விளக்க முயல்கிறேன்.

ஆல்ஃபாவும் ஏ.வி.இ.யும், ஒரு குழுவுக்குள் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதை மட்டுமே சொல்பவை. நம் பகுதிக் கல்லூரிகளில் எழுதப்படும் மேலாண்மை ஆய்வேடுகள் பலவற்றில், இந்த இரண்டையும் கருத்தாக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறானவை என்று காட்டும் ஃபோர்னெல்–லார்க்கர் அட்டவணையையும் காட்டியதோடு ஏற்புடைமை (அளவுகோல் அளக்க வேண்டியதையே அளக்கிறதா என்பது) என்னும் இயல் முடிந்துவிடுகிறது. ஒரே மக்கள்தொகைக்குள் நடக்கும் ஆய்வுக்கு அது ஓரளவு பொருந்தலாம்; நாட்டெல்லையைத் தாண்டியதும் அந்த எண்களுக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. மூன்று நாட்டிலும் ஆல்ஃபா ஒரே மதிப்பாக இருந்து, மூன்று நாட்டிலும் வெவ்வேறு பொருளை அளந்திருக்கவும் கூடும். கிரான்பாக்கும் மீலும் 1955-இல் கருத்தாக்க ஏற்புடைமையை வகுத்தபோது, ஓர் அளவீடு மற்ற அளவீடுகளோடு கொள்ளும் உறவுகளின் முழு வலையையும் வைத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். ஒரு குணகம் ஒரு வரம்பைத் தாண்டினால் போதும் என்று அவர்கள் கூறவில்லை.

இனி இடைவெட்டுக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெறுமையாக இருக்கும்போது பூச்சியம் காட்டுகிறது. மற்றது வெறுமையாகவே இரண்டு கிலோ காட்டுகிறது. இரண்டிலும் ஒரு கிலோ கூடினால் முள் ஒரே அளவுதான் நகரும் என்பதால், ஒரே தராசில் நிறுத்த இரண்டு மூட்டைகளின் வேறுபாடு சரியாகவே கிடைக்கும். ஒரு தராசில் நிறுத்த மூட்டையை மற்றதில் நிறுத்த மூட்டையோடு ஒப்பிட்டால்தான் தவறு நேரும். காரணிச் சுமைகள் சமமாக இருப்பது, அதாவது மெட்ரிக் சமநிலை, முள் நகரும் அளவைப் பற்றியது. இடைவெட்டுகள் சமமாக இருப்பது, அதாவது ஸ்கேலர் சமநிலை, முள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பற்றியது. உங்களுக்கு முதலாவது கிடைத்திருக்கிறது, இரண்டாவது கிடைக்கவில்லை. ஆகவே நாட்டுக்குள் நிகழும் உறவுகளை, உதாரணமாக வேலை நேரம் கூடும்போது வேலை–குடும்ப முரண் எவ்வளவு கூடுகிறது என்பதை, மூன்று நாடுகளுக்கிடையே ஒப்பிட உங்களுக்குத் தடையில்லை. அங்கும் தரப்படுத்தாத குணகங்களையே ஒப்பிட வேண்டும். தரப்படுத்திய குணகம் ஒவ்வொரு நாட்டின் மாறுபாட்டையும் தன்னுள் இழுத்துக்கொண்டு வருவதால் ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். சராசரிகளை நேரடியாக ஒப்பிடுவது மட்டும் இப்போதைக்குக் கூடாது.

இதன் அளவைச் சிறு கணக்கில் காணலாம். இரண்டு நாட்டுப் பெண்களும் உண்மையில் ஒரே அளவு முரணை உணர்கிறார்கள் என்றும், ஐந்தில் இரண்டு கூற்றுகளின் இடைவெட்டு மட்டும் ஒரு நாட்டில் 0.5 புள்ளி தாழ்ந்திருக்கிறது என்றும் கொள்வோம். ஐந்து கூற்றுகளின் சராசரியை எடுத்தால் அந்த நாடு 0.2 புள்ளி தாழ்ந்து நிற்கும். ஒவ்வொரு நாட்டிலும் சில நூறு பேர் இருந்து, விடைகளின் திட்ட விலக்கம் ஒன்றை ஒட்டியிருந்தால், டி-சோதனை இந்த 0.2-ஐப் புள்ளியியல் முக்கியத்துவம் வாய்ந்தது என்று பெரும்பாலும் அறிவித்துவிடும். இல்லாத வேறுபாட்டுக்கு, அதன்பின் பண்பாட்டு விளக்கம் ஒன்றைத் தேடத் தொடங்குவோம். அளவீட்டுப் பிழையைப் பண்பாடு என்று எழுதிவிடுவதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன், ஏனெனில் அது அச்சேறிய பிறகு அந்த ஊர் மக்களைப் பற்றிய கூற்றாகவே நிலைத்துவிடுகிறது.

0.01 என்னும் எல்லையைப் பற்றியும் கூற வேண்டும். சியூங்கும் ரென்ஸ்வோல்டும் 2002-இல் இரண்டு குழுக்களுக்கான உருவகப்படுத்தல்களிலிருந்து அதைப் பெற்றார்கள். சென் 2007-இல் அதோடு, பொருந்தாமையைக் காட்டும் இன்னொரு குறியீடான ஆர்.எம்.எஸ்.இ.ஏ.யின் மாற்றத்துக்கு 0.015 என்னும் எல்லையையும் சேர்த்தார். பத்து, இருபது நாடுகள் கொண்ட பெரிய ஆய்வுகளுக்கு மெட்ரிக் நிலையில் 0.02 வரை தளர்த்தலாம் என்று ருட்கோவ்ஸ்கியும் ஸ்வெட்டினாவும் 2014-இல் காட்டினார்கள்; ஸ்கேலர் நிலையில் அவர்களும் தளர்த்தவில்லை. இந்த எண்கள் எல்லாம் குறிப்பிட்ட சூழலில் பிறந்தவை. கூற்றுகளின் எண்ணிக்கை, விடைப்புள்ளிகள், மதிப்பிடும் முறை ஆகியவை மாறினால் அவையும் நகரும். நீங்கள் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருப்பதால், உங்கள் நிலையில் எந்த எல்லையைக் கொண்டாலும் முடிவு மாறப்போவதில்லை.

மாடலில் அளவை நிலைநிறுத்துவதற்காக எந்தக் கூற்றின் சுமையை 1 என்று நிறுத்தினீர்கள் (அதுவே நங்கூரக் கூற்று) என்று பாருங்கள். மென்பொருள் பெரும்பாலும் முதல் கூற்றைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் கூற்றே நாடுகளுக்கிடையே மாறுவதாக இருந்தால், அதன் கோணல் மற்ற கூற்றுகளின் மேல் விழுந்து, நல்ல கூற்றுகள் கெட்டவையாகத் தோன்றும். நங்கூரக் கூற்றை மாற்றி மாற்றி வைத்து, அதே இரண்டு கூற்றுகள்தாம் ஒவ்வொரு முறையும் விலகுகின்றனவா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

அது உறுதியானால், அந்த இரண்டு கூற்றுகளின் இடைவெட்டுகளை மட்டும் நாடுதோறும் மாற விட்டு, மற்ற மூன்றையும் சமமாக வைக்கலாம். பைர்ன், ஷேவெல்சன், முத்தேன் ஆகியோர் 1989-இல் முன்வைத்த பகுதிச் சமநிலை இதுவே. கருத்தாக்கம் ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு கூற்றுகளாவது சுமையிலும் இடைவெட்டிலும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஸ்டீன்காம்ப், பாம்கார்ட்னர் ஆகியோரின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ள நிபந்தனை. உங்களிடம் மூன்று இருக்கின்றன. அப்போது கிடைப்பது உள்ளுறை மாறியின், அதாவது நேரடியாக அளக்காமல் கூற்றுகளின் வழியே அறியும் முரணின், சராசரி. ஐந்தையும் கூட்டி வகுத்த சராசரியை அதன் இடத்தில் வைத்துப் பேசக் கூடாது. அஸ்பரூஹோவும் முத்தேனும் 2014-இல் வெளியிட்ட, சுமைகளும் இடைவெட்டுகளும் முற்றிலும் சமமாக இல்லாவிட்டாலும் அவற்றின் வேறுபாட்டைக் கூடியவரை குறைத்துச் சராசரிகளைக் கணக்கிடும் அலைன்மென்ட் முறையையும் ஓட்டிப் பாருங்கள். முழுச் சமநிலை, பகுதிச் சமநிலை, அலைன்மென்ட் என மூன்று வழியிலும் நாடுகளின் வரிசை மாறாமல் இருந்தால் அதை எழுதலாம். மாறினால், மாறுகிறது என்பதையே முடிவாக எழுத வேண்டும்.

கூற்றுகளை நீக்குவதை நான் ஏற்கவில்லை. கிரீன்ஹாஸும் பியூட்டெலும் 1985-இல் இந்த முரணை நேரத்தால் வருவது, அழுத்தத்தால் வருவது, நடத்தையால் வருவது என மூன்றாகப் பிரித்தார்கள். அழுத்தத்தைச் சுட்டும் கூற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஏறக்குறைய நேரப் பற்றாக்குறை மட்டுமே. பொருத்தம் உயரும், ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் உள்ள கருத்தாக்கம் தரவில் இருக்காது.

அமராவதி, கரூர்

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. ஒரு மாற்று வழியை மட்டும் முன்வைக்கிறேன். எங்கள் துறையில் பெரும்பாலோர் ஸ்மார்ட்பி.எல்.எஸ். மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் ஹென்ஸெலர், ரிங்கிள், ஸார்ஸ்டெட் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட குழுக்களுக்கிடையே அளவீடு சமமா என்று பார்க்கும் மைக்காம் என்னும் மூன்று படிச் சோதனை இருக்கிறது. ஏழு புள்ளி விடைகள் இயல்நிலைப் பரவலில் அமையாத நிலையில் அது எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெள்ளியங்கிரி, கோவை

கூற்றுகளை எடையிட்டுக் கூட்டிப் பெறும் கூட்டுக்குறியீடுகளுக்கு மைக்காம் பொருத்தமான கருவிதான். ஆயினும் அதன் மூன்றாம் படி, கூட்டுக்குறியீட்டின் சராசரியும் மாறுபாடும் குழுக்களுக்கிடையே சமமா என்றே சோதிக்கிறது. சராசரி வேறுபட்டால், அது உண்மையான வேறுபாடா, இடைவெட்டுக் கோணலா என்பதை அந்தப் படியால் பிரித்துச் சொல்ல இயலாது. இங்கே எழுந்திருக்கும் கேள்வியே அதுதான். இயல்நிலைப் பரவல் குறித்த கவலைக்குத் தரவரிசை விடைகளுக்கான டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. மதிப்பீட்டு முறை இருக்கிறது. ஆர் மென்பொருளின் லவான் தொகுப்பில் அதைச் செய்யலாம். அதில் இடைவெட்டுக்குப் பதிலாக, ஒரு விடைப்புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாசல் எல்லைகளே சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். யாரும் தேர்ந்தெடுக்காத விடைப்புள்ளி ஏதேனும் ஒரு நாட்டில் இருந்தால், முன்கூட்டியே அண்டைப் புள்ளியோடு சேர்த்துவிட வேண்டியிருக்கும்.

பவானிக்கூடல், ஈரோடு

நான் புள்ளியியல் படித்தவள் அல்ல; பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்புக் குழுக்களைக் களத்தில் வழிநடத்தி வருகிறேன். தம்பி சொல்லும் இரண்டு கூற்றுகளைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

திட்டத்தை மாற்றிக்கொள்வது பற்றிய கூற்றுக்கு விடை சொல்ல வேண்டுமானால், முதலில் திட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும் வாரத்தில் ஒரு ஷிஃப்டா, ஒன்றரை ஷிஃப்டா என்பது பல கம்பெனிகளில் அன்று மாலைதான் தெரியும். அப்படிப்பட்ட வேலையில் இருக்கும் பெண், வார நாளில் குடும்ப நிகழ்ச்சி எதையும் முன்கூட்டி வைத்துக்கொள்வதே இல்லை. மாரியம்மன் நோம்பிக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போவதைத் திட்டமிடுகிறாள், அதற்குக் கம்பெனியே விடுமுறை விட்டுவிடுகிறது. ஆகவே வேலையால் திட்டம் மாறுகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். அவளுடைய வாழ்க்கையில் வேலை குடும்பத்தை மிக அதிகமாக நெருக்குவதால்தான் அந்த விடை தாழ்ந்து வருகிறது. முரண் கூடினால் புள்ளி கூட வேண்டும் என்று அளவுகோல் எதிர்பார்க்கிறது. இங்கே ஓர் எல்லைக்கு மேல் அது நேர்மாறாக நடக்கக்கூடும்.

அடுத்து, திருப்பூர் என்று ஒரே குழுவாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே வகைப்பட்டவர்கள் அல்லர். காங்கயம், குன்னத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இரவு வீடு திரும்புபவர்கள் இருக்கிறார்கள். மதுரை, தேனி போன்ற தென் மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு குடியேறி, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் மணமாகாத பெண்களும் இருக்கிறார்கள். விடுதியில் இருக்கும் பெண்ணிடம் வீட்டுக் கடமைகள் இடறுகின்றனவா என்று கேட்டால் அவள் எந்த வீட்டை நினைத்துச் சொல்வாள்? பொருந்தாத கேள்விக்கு மக்கள் பெரும்பாலும் நடுப்புள்ளியைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நடுப்புள்ளியை மிதமான முரண் என்று கணினி படித்துக்கொள்கிறது.

மூன்றாவதாக, எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்பதைக் கூற்றுகளைப் போலவே முக்கியமாகக் கருதுங்கள். கம்பெனி அனுமதியோடு உணவு இடைவேளையில், சூப்பர்வைசர் பார்வை படும் தூரத்தில் கேட்ட விடையும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்ட விடையும் ஒன்றாக இருப்பதில்லை. வேலை தரும் அழுத்தம் பற்றிய கூற்று, கேட்கும் இடத்தைப் பொறுத்து மிக எளிதில் தாழ்ந்துவிடும். காஜிபூரில் வீட்டில் கேட்டுத் திருப்பூரில் கம்பெனியில் கேட்டிருந்தால், நீங்கள் நாடுகளின் வேறுபாடு என்று காண்பது இடங்களின் வேறுபாடாக இருக்கலாம். கேட்டவர் யார், எங்கே, எப்போது என்பவை உங்கள் படிவங்களில் பதிவாகியிருந்தால் அவற்றை எடுத்து வையுங்கள். ஏழு புள்ளிகளை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டாமல், முதலில் ஆமாவா இல்லையா என்று கேட்டு, பிறகு எவ்வளவு என்று கேட்பது எங்கள் வழக்கம். மற்ற இரண்டு நாடுகளிலும் எப்படிக் கேட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். இதைக் கேட்காமல் மாடலைத் திருத்துவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

தாராபுரத்தான், தாராபுரம்

கல்வி அளவீட்டுத் துறையிலிருந்து இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுதோறும் ஒப்பிடும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் பங்கேற்றதைப் பலர் அறிவீர்கள். தமிழ்நாட்டு மாணவர்களின் சராசரி வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348, தேர்வை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டியிருந்தது. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்னும் வாதம் அதன்பின் எழுந்தது. அடுத்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவும் இல்லை. ஆனால் ஒரு குழு தாழ்ந்த மதிப்பெண் பெறுவது மட்டுமே வினா கோணலானது என்பதற்குச் சான்றாகாது. ஒரே திறன் நிலையில் உள்ள இரண்டு நாட்டு மாணவர்களை இணையாக வைத்து, அந்தக் குறிப்பிட்ட வினாவில் மட்டும் ஒருவர் பின்தங்குகிறாரா என்று பார்த்தால்தான் கோணல் தெரியும். ஹாலந்தும் தேயரும் 1988-இல் அறிமுகப்படுத்திய மேன்டல்–ஹேன்ஸல் வழிமுறையும், சுவாமிநாதனும் ராஜர்ஸும் 1990-இல் தந்த லாஜிஸ்டிக் வழிமுறையும் இதற்காகவே உள்ளன. உண்மையான தாழ்வைக் கோணல் என்று சொல்லித் தப்பிப்பதும், கோணலை உண்மையான தாழ்வு என்று ஏற்பதும் ஒரே அளவு தீங்கானவை. உங்கள் ஆய்விலும் இந்த இரண்டு திசைகளையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது செய்தியை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சமநிலைச் சோதனையில் தேறிவிட்டால் ஒப்பீடு பாதுகாப்பானது என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மை அன்று. ஒரு நாட்டு மக்கள் எந்தக் கூற்றுக்கும் ஆம் என்று தலையாட்டும் வழக்கம் உடையவர்களாக இருந்து, அந்த வழக்கம் ஐந்து கூற்றுகளையும் ஏறக்குறைய ஒரே அளவு உயர்த்தினால், எந்த ஓர் இடைவெட்டும் தனித்து விலகித் தெரியாது. அந்த உயர்வு முழுவதும் உள்ளுறை மாறியின் சராசரிக்குள் சென்று கரைந்துவிடும். மாடல் மிக நன்றாகப் பொருந்தும். முடிவு மட்டும் தவறாக இருக்கும். உங்கள் ஐந்து கூற்றுகளும் ஒரே திசையில் எழுதப்பட்டவை என்பதால் இந்த ஆபத்து உங்களுக்கு உண்டு. ஆகையால் விலகாத அந்த மூன்று கூற்றுகளையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையாகக் கருதிவிட வேண்டாம்.

இதன் விளைவை பீசாவின் மாணவர் வினாப்பட்டியலில் தெளிவாகக் காணலாம். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் கணிதத்தில் தன்னம்பிக்கை மிக்க மாணவர்களே கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். நாடுகளின் சராசரிகளை எடுத்து வைத்தால் உறவு தலைகீழாகிறது: ஜப்பான், கொரியா போன்ற நாடுகள் மதிப்பெண்ணில் உயர்ந்தும் தன்னம்பிக்கையில் தாழ்ந்தும் நிற்கின்றன. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒவ்வொரு சமூகமும் எந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறது என்பது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. இதைச் சரிசெய்யக் கிங், மர்ரே, சாலமன், டாண்டன் ஆகியோர் 2004-இல் முன்வைத்த நங்கூரக் கதைகளை 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் பயன்படுத்தினார்கள். கற்பனையான இரண்டு மூன்று பெண்களின் நிலையை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி விவரித்து, அவர்களுக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று கேட்டால், ஒவ்வொரு நாட்டினரும் ஏழு புள்ளிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வெளிப்படும். ஒருவர் தனக்கும் பிறருக்கும் ஒரே அளவுகோலையே பயன்படுத்துகிறார் என்பதும், கதையை எல்லோரும் ஒரே நிலையாகவே புரிந்துகொள்கிறார்கள் என்பதும் இம்முறையின் எடுகோள்கள். அவையும் சோதிக்கப்பட வேண்டியவை. உங்கள் தரவு ஏற்கெனவே திரட்டப்பட்டுவிட்டது என்றாலும், மூன்று இடங்களிலும் சிறு குழுக்களிடம் இதைக் கேட்டுப் பார்க்க இன்னும் வழியிருக்கலாம்.

எதிர்க்கருத்து ஒன்றையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். வெல்செல் முதலானோர் 2021-இல், சமநிலையின்மை மிகைப்படுத்தப்பட்ட சிக்கல் என்றும், நாட்டுச் சராசரிகள் கோட்பாடு எதிர்பார்க்கும் மற்ற அளவீடுகளோடு நன்கு ஒத்துப்போனால் அதுவே ஏற்புடைமைக்குப் போதிய சான்று என்றும் வாதிட்டார்கள். உலக விழுமியங்கள் ஆய்வைப் (World Values Survey) போலப் பல பத்து நாடுகள் இருக்கும் இடத்தில் அந்த வாதத்துக்கு எடை உண்டு. உங்களிடம் மூன்று நாடுகள் மட்டுமே இருப்பதால், நாட்டளவிலான ஒட்டுறவு என்று ஒன்றைக் கணக்கிட்டாலும் அதை நம்ப முடியாது. அந்த வழி உங்களுக்குத் திறக்காது.

நொய்யல்கரை, திருப்பூர்

ஐயா இருவருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. காஜிபூர்க் குழுவினரிடம் கேட்டேன். அவர்கள் குடியிருப்புகளில் வைத்தே கேட்டிருக்கிறார்கள். திருப்பூரில் பாதிக்கும் மேற்பட்ட விடைகள் கம்பெனிக்குள் திரட்டியவை. இடமும், விடுதியா வீடா என்பதும் படிவங்களில் பதிவாகியுள்ளன. இனி எந்த வரிசையில் செய்வது என்று சொல்ல வேண்டுகிறேன். திருப்பூர்த் தரவு மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது; அதனால் ஏதேனும் கோளாறு வருமா?

வெள்ளியங்கிரி, கோவை

பதிவுகள் இருப்பது பெரிய நன்மை. நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, திருப்பூர்த் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விடை சொன்னவர்கள், கம்பெனியில் விடை சொன்னவர்கள் என இரண்டு குழுக்களாக்கிச் சமநிலைச் சோதனை செய்யுங்கள். பிறகு குடும்பத்தோடு இருப்பவர்கள், விடுதியில் இருப்பவர்கள் என்று பிரித்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டு பிரிவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கக்கூடும் என்பதால், பின்னர் இரண்டையும் சேர்த்து மிமிக் மாடலில் (குழுப் பிரிவுகளைக் காரணியையும் கூற்றுகளையும் பாதிக்கும் மாறிகளாகச் சேர்க்கும் மாடலில்) வைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கூற்றின் மேல் நேரடியாகப் பாய்கிறது என்று பாருங்கள். ஒரே ஊருக்குள்ளேயே அந்த இரண்டு கூற்றுகள் விலகுமானால், நாட்டுப் பண்பாடு என்று எழுதும் முன் விடை திரட்டிய முறையைப் பேச வேண்டியிருக்கும்.

விடுதிப் பெண்களிடம் உருவச் சமநிலையே, அதாவது ஐந்து கூற்றுகளும் ஒரே காரணியின் கீழ் அடங்கும் அமைப்பே, கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அவர்களை நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டிலிருந்து விலக்கி, அவர்களைப் பற்றித் தனி இயலில் எழுதுங்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி ஒரு குழுவை விலக்குவது வேறு. பொருத்தத்துக்காகக் கூற்றை நீக்குவது வேறு. காஜிபூரிலும் குழந்தைகளை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து வேலை செய்யும் பெண்கள் இருப்பார்கள். அவர்களையும் அடையாளம் காண முடியுமா என்று அக்குழுவினரிடம் கேளுங்கள்.

வீட்டில் திரட்டிய திருப்பூர் விடைகளை மட்டும் எடுத்துக் காஜிபூரோடு ஒப்பிடுவது அடுத்த படி. வியட்நாமில் எங்கே கேட்டார்கள் என்று தெரியும் வரை அந்த நாட்டைச் சேர்க்க வேண்டாம். எஞ்சும் விலகலின் பருமனை நையும் டிராஸ்கோவும் 2011-இல் தந்த டிமேக்ஸ் குறியீட்டால் கணக்கிட்டுக் காட்டினால், ஒவ்வொரு கூற்றும் எத்தனை திட்ட விலக்கம் நகர்கிறது என்பது படிப்பவர்களுக்குத் தெரியும், சி.எஃப்.ஐ. குறைந்தது என்ற செய்தியால் அது தெரியாது.

குழுக்களின் அளவு சமமாக இல்லாதது குறித்து நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பல்குழு மாடலில் பெரிய குழுவே பொருத்தத்தைத் தன் பக்கம் இழுப்பதால், சிறிய குழுவில் உள்ள விலகல் மறைந்துவிடக்கூடும். திருப்பூர்த் தரவிலிருந்து மற்றக் குழுவின் அளவுக்குச் சமமான துணை மாதிரிகளைச் சமவாய்ப்பு முறையில் பலமுறை எடுத்து, ஒவ்வொன்றிலும் சோதனையை நடத்தி, பொருத்தக் குறியீடுகளின் பரவலைப் பாருங்கள். யூனும் லாயும் 2018-இல் பரிந்துரைத்த வழி இது. துணை மாதிரி எடுக்கும்போது கம்பெனிகளுக்கும் தெருக்களுக்கும் உள்ள விகிதம் கலையாதபடி அடுக்குவாரியாக எடுங்கள். ஒரே கம்பெனியில் விடை சொன்னவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், திட்டப் பிழைகளையும் அந்தக் கொத்துகளுக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட வேண்டும்.